குப்பம்மா சொன்ன குறைகள்

அன்று காலையும் எந்த ஊரில் கண் விழித்தோம் என்று தெரியாமல்தான் ஸ்கூட்டரில் கிளம்பினோம்.

அது எங்கள் வழக்கம். அப்போது பாதித் தமிழ்நாட்டின் வழக்கமும் அதுதான். கடல் உள்ளே வந்து கரையோர ஊர்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்ட பிறகு, நிலத்தில் வீடு கட்டுவது பணக்காரர்களின் பொழுதுபோக்காகிவிட்டது. மற்றவர்கள் ஊர்வீடுகளில் இருந்தோம். சக்கரங்களின் மேல் ஒரு கூடம், ஒரு படுக்கையறை, அடுப்படி, குளியலறை, கூரை முழுக்க வெயில் குடிக்கும் தகடு. இதுதான் ஊர்வீடு. நாங்கள் தூங்கிய பிறகு அது தானாகக் கிளம்பும். தண்ணீர் எங்கே ஒழுங்காக வருகிறது, நிறுத்துமிடம் எங்கே மலிவு, புயல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மற்ற ஊர்வீடுகளை விசாரித்துக்கொண்டே போய், விடிவதற்குள் ஏதாவது ஒரு மரத்தடியில் நின்றுகொள்ளும். படுத்தது பண்ருட்டி, எழுந்தது பெரம்பலூர் என்றால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. பல் விளக்கப் போய்விடுவார்கள்.

ஊர்ப் பெயரைக் கேட்டால் வீடே சொல்லிவிடும். என் கணவர் பொன்னரசுவுக்கு அது பிடிக்காது. "ஊர் பேரை மட்டும் சொல்லிடாத. சொன்னே, சக்கரத்துல காத்தப் புடுங்கி விட்ருவேன்" என்று வாங்கிய புதிதிலேயே வீட்டை மிரட்டி வைத்திருந்தார். தானே கண்டுபிடிக்க வேண்டும் அவருக்கு. பின்பக்கக் கொக்கியில் தொங்கும் ஸ்கூட்டரை இறக்குவார். அது தானாக யோசிக்கும் மதி எதுவும் பொருத்தாத பழைய வண்டி. கையால்தான் ஓட்ட வேண்டும். "அதுக்குப் புத்தி கிடையாது, அதான் நீங்க சொல்றதைக் கேக்குது" என்பேன். நான் பின்னால் உட்கார, ஒரு டீக்கடை அகப்படும்வரை போவோம்.

அன்று நல்ல பனி. கடைப் பெயர் தெரியவில்லை. அவர் டீயை ஒரு வாய் உறிஞ்சிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இஞ்சியத் தட்டிப் போட்டிருக்கான். ஏலக்காய் இல்ல. இது அரியலூர்."

"நேத்தும் அரியலூர்னுதானே சொன்னீங்க?"

"நேத்து சொன்னது தப்பு. இன்னிக்குச் சொல்றது சரி."

டீக்கடைக்காரர் டீ ஆற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "ஐயா, இது விருத்தாசலம்."

"டீ அரியலூர் டீதான்யா. ஊருதான் இடம் மாறி நிக்குது" என்றார் இவர், கொஞ்சமும் அசையாமல்.

திரும்பும் வழி முழுக்க நான் சிரித்துக்கொண்டே வந்தேன். அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே ஊர்மேல் கோபமாக இருந்தார்.

அன்று மதியம் சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். மேற்கே மழை என்று வீடு இடம் மாறிக்கொண்டிருந்த நேரம். சாம்பாரில் உப்பு போதவில்லை என்று அவர் சொல்லவில்லையே என்று நான் எட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இறப்புப் பதிவுக்கு வந்த அதிகாரி, உயிர் பிரிந்தது எந்த ஊர் எல்லையில் என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? வீட்டைக் கேட்டேன். அது தயங்கியது.

"சொல்லலாமாம்மா? ஊர் பேரைச் சொல்லக் கூடாதுன்னு ஐயா சொல்லியிருக்காரு."

சொல்லலாம் என்று தலையாட்டினேன். அது சொன்ன ஊர்ப் பெயரை நான் காதில் வாங்கவில்லை. இன்றுவரை யாரிடமும் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

இந்த இடத்தில் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு ஊர்வீட்டிலும் ஒரு மனைமதி உண்டு. அது விற்பனைக்கு வரும்போது பிறந்த குழந்தை மாதிரி. வந்த முதல் இரண்டு வருடம் அதற்குச் செவிப்பருவம். வீட்டில் இருப்பவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் அது பேச்சையும் பழக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். பிறகு எளிதில் மாறாது. சட்டப்படி மனைமதி பொய் சொல்ல முடியாது. வேண்டுமானால் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் சொன்னால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். அதனால் வீடுகளின் வாய்ச்சொல்லுக்கு ஊரில் பெரிய மதிப்பு. மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் மாப்பிள்ளையை ஒரு கும்பிடு போட்டு உட்காரவைத்துவிட்டு, வெளியே வந்து அவன் வீட்டிடம்தான் விசாரிப்பார்கள். ஆண்டுக்கொரு முறை மனைச்சான்று என்று ஒன்று வரும். குடியிருப்பவர்களுக்கு வீடு போடும் நட்சத்திரம். அதை வாசற்கதவில் ஒட்டிவைக்க வேண்டும். சான்று வரும் மாதம் வந்தால் போதும், சண்டைக்காரப் புருஷன் பெண்டாட்டிகூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, கீலுக்கெல்லாம் எண்ணெய் போட்டு, வீட்டைத் தடவிக்கொடுத்துக்கொண்டு இருப்பார்கள்.

எங்கள் வீட்டின் பெயர் குப்பம்மா. நான் வைத்தது.

துக்கம் கேட்க உறவுக்காரர்களின் ஊர்வீடுகள் வந்து சாலையோர மைதானத்தில் வரிசையாக நின்றன. எல்லோரும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். என் நாத்தனார் செண்பகவல்லி மூக்கைச் சிந்திவிட்டு, "எங்கண்ணன் மாதிரி ஒரு மனுசன் உண்டா? தங்கம். சொக்கத் தங்கம்" என்றாள்.

கூரையிலிருந்து குரல் வந்தது.

"ஈரத்துண்டை ஒருநாள், ஒரேயொரு நாள் கொடியில போட்டிருப்பாரா அந்தத் தங்கம்? கட்டில் மேலதான் போடுவாரு."

யாரோ இருமினார்கள். பெரிய மைத்துனர் நிலைமையைச் சமாளிக்க எண்ணி, "அவன் குணத்துக்குச் சாட்சி வேணுமா? ஒருத்தரைக் கடுத்து ஒரு சொல்லு சொல்லியிருப்பானா?" என்றார்.

"கிரிக்கெட் பாக்கறப்ப வந்து கேட்டிருக்கணும் நீங்க" என்றது குப்பம்மா. "அம்பயரோட ஆத்தாவை இழுக்காம ஒரு மேட்ச் முடிஞ்சதில்ல. குளியலறை விளக்கை அணைக்கத் தெரியாது. குறட்டை விட்டார்னா என் பின்சக்கரத்து நட்டு கழண்டுக்கும். ரெண்டு தடவை கழண்டிருக்கு."

பொய் என்று யாரும் சொல்ல முடியாது. அதுதான் கொடுமை. வந்தவர் புகழப் புகழ, குப்பம்மா ஒவ்வொன்றாக எடுத்துவைத்தது. சட்டைப்பையில் பேனாவோடு துவைக்கப் போடுவது, உருளைக்கிழங்கு வறுவலை யாருக்கும் தெரியாமல் சட்டியோடு எடுத்துக்கொண்டு போவது, ரேடியோவோடு சேர்ந்து சுதி இல்லாமல் பாடுவது. செண்பகவல்லி எழுந்து நின்றாள்.

"செத்தவன் மேல இப்பிடியா நாக்கை நீட்டும்? இது வீடா, இல்ல வேண்டாத பங்காளியா? இதுக்குள்ள இருந்து எப்பிடி அண்ணி சோறு திங்கறே?"

எனக்கு உடம்பு கூசியது. அவர் அந்த வீட்டுக்கு என்ன குறை வைத்தார்? வெயில் தகட்டை வாரம் தவறாமல் தானே ஏறித் துடைத்தார். கூரையில் ஏறாதீர்கள் என்று நான் கத்தக் கத்த ஏறினார். அதற்கு இதுதான் நன்றியா? அதன் பிறகும் அது ஓயவில்லை. பால்காரர் வந்து ஐயா நல்ல மாதிரி என்றால், அதற்கு ஒரு குறை. தபால்காரி வருத்தப்பட்டால், அதற்கு ஒரு குறை.

என் மகள் நிறைமதி ஓசூரில் ஒரு நிலைவீட்டில் இருக்கிறாள். நகராத வீடு, முப்பதாவது மாடியோ என்னவோ. அவள் தொலைபேசியில் சொன்னாள்.

"தனியா இருக்கறவங்களுக்குன்னு புதுசா தனியகம்னு ஒரு வீடு வந்திருக்கும்மா. சின்னது, உங்களுக்கு வசதி. பழசைக் கொடுத்துட்டு அதை எடுத்துக்கலாம். ஒரே ஒரு சங்கடம்தான். கைமாறுறப்போ பழசோட மதியைச் சுத்தமாத் துடைச்சிடுவாங்க. அப்பாவை இத்தனை வருஷம் பாத்த வீடு. ஒண்ணுமே மிஞ்சாது. யோசிச்சுக்கோங்க."

"அதுக்குள்ள அப்பாவா இருக்காரு? அப்பாவைப் பத்தின குறைதான் இருக்கு. துடைக்கட்டும். ரெண்டு தடவை துடைக்கட்டும்."

முடிவு செய்துவிட்டேன். அவர் பெயர் கெடாமல் இருக்க வேண்டுமானால் அந்த வாய் மூடப்பட வேண்டும்.

மறுநாள் காலை உளுந்தூர்பேட்டை மாற்றுச் சந்தைக்குக் கிளம்பினேன். ஒரு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு அந்த வீட்டையே விற்கப் போவது நாகரிகமாகப் படவில்லை. ஸ்கூட்டரை இறக்கினேன். எனக்கு அதை ஓட்டத் தெரியும் என்று என் இருபது வயதில் யாரோ ஒருவர் சான்றிதழ் கொடுத்திருந்தார். அந்தத் தைரியம்தான். நான் முன்னால் தள்ளாடிக்கொண்டு போக, குப்பம்மா பின்னால் சந்தைக்குப் போகும் பசுமாடு மாதிரி நடைவேகத்தில் வந்தது. வழியில் தேங்கிய தண்ணீர் என்று நினைத்துப் பள்ளத்தில் விட்டு விழுந்தேன். வீடு நின்றது. நான் எழுந்து சேலையைத் தட்டிக்கொள்ளும்வரை காத்திருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னால் சேர்ந்துவிட்ட நாலைந்து வீடுகள் ஒலி எழுப்பின. அவற்றுக்கு மட்டும், "கொஞ்சம் பொறுங்க, அம்மா வண்டி ஓட்டுறாங்க" என்று சொன்னது.

சந்தையில் பழைய வீடுகள் ஒருபக்கம், கழுத்தில் மாலை மாதிரி விலை எழுதிய வில்லைகளை மாட்டிக்கொண்டு நின்றன. புதியவை மறுபக்கம். விற்பனையாளர் செல்வின், தெற்கத்திக்காரர், வாயெல்லாம் பல்லாக ஓடிவந்தார்.

"வாங்கம்மா, வாங்க. குடும்பத்தோட வந்திருக்கியளா?"

"வீட்டோட வந்திருக்கேன்."

"அதுவும் நல்லதுதாம்மா. பின்னால பேச்சு வராது."

தனியகத்தைக் காட்டினார். வெள்ளை வெளேரென்று, பெரிய முட்டை ஒன்றுக்குச் சக்கரம் வைத்தது போல இருந்தது. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு கட்டில், ஒரு தட்டு வைக்க ஒரு பலகை. இரண்டாவது ஆள் தவறி உள்ளே வந்துவிட்டால் நிற்கத்தான் வேண்டும். "ஒத்தை ஆளுக்குன்னே செஞ்சதும்மா. விருந்தாளி வந்தாலும் தங்க மாட்டாவ" என்றார் பெருமையாக.

பிறகு பழைய வீட்டை மதிப்பிடும் சடங்கு. சந்தையில் இதற்கு இயந்திரம் எதுவும் இல்லை. பொய் சொல்லாத வீடு இருக்கும்போது இயந்திரம் எதற்கு? நாலு பேர் முன்னால் வீட்டையே கேட்பார்கள். வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம் எப்போதும் நிற்கும்.

"கூரை எப்பிடி இருக்கு?" என்று ஆரம்பித்தார் செல்வின்.

"ஒழுகியிருக்கு."

"ஒரே ஒரு தடவை!" என்றேன் நான். "அதுவும் தேங்காய் விழுந்து!"

"ஒழுகினது ஒழுகினதுதாம்மா" என்றது குப்பம்மா.

"இழுவை?"

"இழுக்கும். மேட்டுல முனகும். முனகறது அடுத்த ஊருக்குக் கேக்கும்."

"பிரேக்கு?"

"பிடிக்கும். பிடிக்கறப்ப பன்னி கத்தற மாதிரி ஒரு சத்தம்."

கூட்டம் சிரித்தது. செல்வின் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார். "என்னம்மா இது? பழைய வீடுவ எல்லாம் துடைச்சிருவாவளேன்னு பயந்து தன்னைத்தானே தூக்கிவச்சுல்லா பேசும். போன வாரம் ஒரு வீடு தனக்குச் சக்கரமே தேயாதுன்னு சொல்லிச்சு. சட்டப்படி உண்மைதான், அது நின்ன இடத்தை விட்டு நகந்ததே இல்ல. உங்க வீடு என்னன்னா தானே தன் தலையில மண்ணை அள்ளிப் போடுது. இதுக்கு நான் எதைக் குடுக்கட்டும்? இரும்புக் கடையில கேட்டாத்தான் உண்டு."

எனக்கு எரிச்சலாக வந்தது. அவ்வளவு மோசமான வீடில்லை அது. என் வீட்டைப் பற்றி எனக்குத் தெரியாதா?

ஆனாலும் ஒரு நடைமுறை மிச்சமிருந்தது. பழைய வீடு புதிய வீட்டைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெரிய மருமகள் சின்ன மருமகளை வரவேற்கிற மாதிரி. வெறும் மரியாதைக்கு. செல்வின் சலிப்போடு, "சரி, இந்தத் தனியகம் எப்பிடி இருக்கு, அதையாவது சொல்லு" என்றார்.

குப்பம்மாவின் குரல் இனித்தது.

"ஆகா! என்ன அழகு! என்ன நிறம்! சக்கரத்துல ஒரு கீறல் உண்டா? கதவு திறக்கறது காதுல விழலையே! இந்தச் சந்தையில இதுக்கு ஈடா ஒண்ணு இல்ல. என் ஆயுசுல இப்பிடி ஒரு வீட்டை நான் பாத்ததில்ல!"

செல்வினின் முகம் மலர்ந்தது. அது மலர்ந்து முடிவதற்குள் காரியம் நடந்துவிட்டது.

ஊர்வீடுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மனையலையில் எந்த ரகசியமும் தங்காது. பொய் சொல்லாத ஒரு பழைய வீடு, அதுவும் தன்னையே இவ்வளவு தாழ்த்திச் சொன்ன வீடு, இன்னொன்றை இவ்வளவு புகழ்கிறதென்றால் அதைப் பார்க்காமல் இருக்க முடியுமா? நான்கு சாலைகளிலும் போய்க்கொண்டிருந்த வீடுகள் ஒரே நேரத்தில் தனியகத்தைத் திரும்பிப் பார்த்தன. கதவைக் காட்டு, உள்ளே காட்டு, குளியலறையைக் காட்டு என்று ஆயிரக்கணக்கில் கேள்விகள். அது எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் பதில் சொல்லப் பார்த்தது. கதவு திறந்தது, மூடியது, திறந்தது. விளக்குகள் சிமிட்டின. "வணக்கம், வணக்கம், வண, வண, வண" என்று திணறி, புஸ்ஸென்று மூச்சை விட்டு, நாலு சக்கரத்தையும் நாலு பக்கம் திருப்பிக்கொண்டு அடங்கிவிட்டது.

"எந்தப் பாவி கண்ணு வச்சது?" என்று ஓடிவந்தார் சந்தையின் முதலாளி. பெரிய படிப்புப் படித்தவர். மனையலையைப் பற்றிக் கட்டுரைகள் எழுதியவர் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அவர் முதலில் செய்த காரியம் உப்பும் மிளகாயும் கொண்டுவரச் சொன்னதுதான். செல்வின் கைநிறைய எடுத்துவந்து, தனியகத்தை மூன்று சுற்றுச் சுற்றி, அடுப்பில் போட்டார். மிளகாய் நெடி எழுந்தது. புகை எழுந்தால் தீ என்றுதான் புதிய வீடுகளுக்குத் தெரியும். வரிசையில் நின்ற அத்தனை புது வீடுகளும் ஒன்றாகத் தண்ணீரைப் பீய்ச்சியடித்தன. முதலாளி, செல்வின், வேடிக்கை பார்த்த கூட்டம், நான், எல்லோரும் தொப்பலாக நனைந்தோம்.

"உங்க வீட்டு வாய் என்ன வாயிம்மா!" என்றார் செல்வின், கண்ணைக் கசக்கிக்கொண்டு. "நல்ல வார்த்தை சொன்னா ஆளைக் கொன்னுரும் போல. அதான் தன்னைப் பத்தி நல்லதாச் சொல்லவே இல்ல!"

சொட்டச் சொட்ட நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

வீடு வந்த முதல் மாதம். பக்கத்தில் வந்து நின்ற ஒரு வீட்டுக்காரி எங்கள் கூடத்தில் கால்வைத்ததும், "உள்ள என்ன குளிர்ச்சி! இவ்வளவு நல்ல வீடு எங்க கிடைச்சுது?" என்றாள். நான் உடனே, "என்னத்த நல்ல வீடு? மழை வந்தா கதவு இறுகிக்கும். பேருகூட குப்பம்மாதான்" என்றேன். அந்த நிமிடம்வரை அதற்குப் பெயரே வைத்திருக்கவில்லை. அவள் போன பிறகு வீடு கேட்டது, குழந்தைக் குரலில், கதவு இறுகுவது அத்தனை பெரிய குறையா என்று. நான் அரிசி களைந்துகொண்டே சொன்னேன். "அப்பிடியில்ல. நமக்குப் பிரியமானதை நாலு பேர் புகழ்ந்தா கண்ணு பட்டுடும். உடனே நாம ஒரு குறையைச் சொல்லிடணும். பிரியமில்லாததைப் பத்தி என்ன வேணா நல்லாச் சொல்லிக்கலாம்." எங்கள் அம்மா எனக்குச் சொல்லாமலே சொல்லித்தந்தது. நிறைமதி கொழுகொழுவென்று இருந்த காலத்தில் நானும் ஊர் முழுக்க, "ஒண்ணுமே திங்க மாட்டேங்கறா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். சொல்லிவிட்டு மறந்துவிட்டேன். செவிப்பருவத்தில் இருந்த ஒன்று அதை வேதமாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

ஈரச் சேலையோடு போய் அதன் கதவருகே நின்றேன்.

"குப்பம்மா, அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி அவரைப் பத்தி ஏன் அப்பிடிப் பேசினே?"

"எல்லாரும் சேர்ந்து தங்கம், சொக்கத் தங்கம்னு சொன்னாங்கம்மா. எனக்குப் பயமாப் போச்சு. ஒருத்தர் சொன்னா ஒரு குறையோட விட்டிருப்பேன்."

"போய்ச் சேந்தவருக்கு என்னடி கண்ணு படப் போகுது?"

"அதை நீங்க எனக்குச் சொல்லித் தரலையேம்மா" என்றது.

நான் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். நல்லவேளை, எல்லோர் முகத்திலும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

செல்வினிடம் போய், மாற்றவில்லை, கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். "கும்பிடுதேன் தாயி, மொதல்ல அதைச் செய்யுங்க" என்றார். காரணத்தைச் சொன்னேன். அவர் மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். விற்பனையாளர்கள் எதையாவது அவ்வளவு கவனமாகக் கேட்டால் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

சந்தைக்குள் வந்த வீட்டைத் திரும்பக் கொண்டுபோக ஒரு விதி இருந்தது. குடியிருப்பவரைப் பற்றி வீட்டின் வாய்ச்சான்று வேண்டும். வீட்டைத் துன்புறுத்துகிறவர்கள் கையில் மறுபடி போய்ச் சேரக் கூடாது என்பதற்காக. செல்வின் நனைந்த சட்டையைப் பிழிந்தபடி கேட்டார்.

"குப்பம்மா, நம்ம மங்கையர்க்கரசி அம்மாளைப் பத்தி என்ன சொல்லுத?"

நான் நிமிர்ந்து நின்றேன். அவருக்கே அத்தனை குறை என்றால் எனக்கு எத்தனை இருக்கும்? சமையல், புலம்பல், அடுக்களைச் சாவியைத் தொலைப்பது. அன்று காலை ஸ்கூட்டரில் விழுந்ததே ஒன்று போதும். நாலு பேர் முன்னால் மானம் போகட்டும், போனால் என்ன? ஆசையாகக் காத்திருந்தேன்.

"நல்லவங்க" என்றது குப்பம்மா. "குறை ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

கூட்டம் கைதட்டியது. "அடேயப்பா! இந்த வாயிலேருந்து நல்ல வார்த்தை!" என்று செல்வின் குதித்தார். ஐந்து நட்சத்திரம் பொறித்த சான்றை என் கையில் கொடுத்தார்கள். முதலாளியே வந்து வாழ்த்தினார். அங்கே நின்றவர்களில் அதன் பொருள் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அடுத்து வந்த தைப் பருவத்தில் புதிய வீடுகள் ஒரு கூடுதல் வசதியோடு விற்பனைக்கு வந்தன. கண்ணேறு காப்பு என்று பெயர். கட்டணம் தனி. அதைப் பொருத்திக்கொண்டால், யாராவது உங்களைப் புகழும்போது வீடு உங்களைப் பற்றி ஒரு குறை சொல்லும். இரட்டைக் கட்டணம் கொடுத்தால் இரண்டு குறை. ஒரே வருடத்தில் ஊர் தலைகீழாக மாறியது. ஐந்து நட்சத்திரம் ஒட்டியிருந்தவர்கள் சுரண்டி எடுத்தார்கள். வாசலில் ஒற்றை நட்சத்திரத்தை ஒட்டிக்கொண்டு, "எங்க வீடு எங்களைக் காறித் துப்பும், அவ்வளவு பிரியம்" என்று சொல்லிக்கொள்வதுதான் கௌரவம் என்று ஆனது. மாப்பிள்ளையின் வீடு அவனைக் கழுவிக் கழுவி ஊற்றவில்லையென்றால் பெண்வீட்டார் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

பக்கத்தில் வந்து நிற்பவர்கள் என் கதவைப் பார்க்கிறார்கள். போன மழைக்கு வந்த ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில், "ஏங்க்கா, உங்க வீட்டுக்கு உங்க மேல பாசம் இல்லையா? காப்புப் போட்டுக்கலாமே, பழைய வீட்டுக்கும் இப்ப போடறாங்களாம்" என்றாள். காசு கொடுத்துத் திட்டு வாங்க எனக்கு மனமில்லை. தானாக வர வேண்டும்.

அதற்காக முயற்சி செய்யவில்லை என்று சொல்ல முடியாது. குழாயைத் திறந்துவிட்டுப் படுத்தேன். குப்பம்மா அதை மூடிவிட்டது. ஈரத்துணியைக் கட்டிலில் எறிந்தேன். மின்விசிறியை வேகமாக்கிக் காயவைத்துவிட்டது. பாலை வேண்டுமென்றே பொங்கவிட்டு, அடுப்பின் முன்னால் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். அடுப்பு தானாக அணைந்தது, அவ்வளவுதான். அவருடைய குறைகளை மட்டும் யார் வந்தாலும் சொல்கிறது. அவற்றில் எனக்கே தெரியாதவை பல. என் பிறந்தநாளை ஒவ்வொரு வருடமும் மறந்துவிட்டு, விடியற்காலையில் வீட்டைத்தான் கேட்பாராம், "இன்னிக்குத்தானே?" என்று. அதை எவ்வளவு கடுகடுப்பாகச் சொன்னது தெரியுமா!

நேற்று நிறைமதி வந்திருந்தாள். அவளோடு வந்த சிநேகிதி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அம்மா இந்த வயசுலயும் எவ்வளவு திடமா இருக்காங்க! தனியா ஸ்கூட்டர் வேற ஓட்டுறாங்களாமே! நூறு வயசு இருப்பாங்க" என்றாள்.

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கூரைப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

குப்பம்மா ஒன்றும் சொல்லவில்லை.